பூஞ்சை நோயும் உட்கொள்ளும் மாத்திரையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, கைத்தொழில், வர்த்தகம், பெண்கள் முன்னேற்றம் முதலிய உயர்ந்த விஷயங்களைக் குறித்து அறிஞர் பலர் இம்மேடையில் பேசியிருக்கின்றனர். நானோ மாத்திரை செய்யும் தொழிற்சாலையிற் பல்லாண்டு வேலை பார்த்தவன். நாவன்மையும் நூலறிவும் நிரம்ப உடையவனல்லேன். ஆயினும் காரியதரிசி அவர்கள், "தாங்கள் அறிந்ததைத் தாங்கள் அறிந்தவாறே சொன்னாற் போதும்" என்று பன்முறை வற்புறுத்தியதனால் துணிந்து நிற்கின்றேன்.

இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் சபையிற் பேசக் கூச்சந் தருவது. படர்தாமரை, சேற்றுப்புண், தேமல், நகச்சொத்தை, ஸ்திரீகளுக்கு உண்டாகும் வெள்ளைப்பாடு ஆகிய இவற்றை வாய்விட்டுச் சொல்வார் நம்முள் எத்தனை பேர்? சொல்லாமையினாலேயே அவை வளர்கின்றன. ஒருவர் உடலிற் கண்டது ஒரு குடும்பம் முழுவதையும் பற்றுகின்றது. ஒரு மாணவனிடம் கண்டது ஒரு விடுதி முழுவதையும் பற்றுகின்றது. இவற்றைத் தீர்க்கும் மாத்திரைகள் நல்லவையாகவும் மலிவாகவும் கிடைக்கும் இக்காலத்தில், அம்மருந்துகளின் வலிமையே நம் கவனக்குறைவினாற் குறைந்து வருகின்றது. ஆதலின் கூச்சத்தை ஒருபுறம் வைத்துப் பேசுதல் கடமையாகின்றது.

நோயின் இயல்பு

மழைக்காலத்தில் ஈரச் சுவரிலும் பழைய ஊறுகாயிலும் பூஞ்சக்காளான் பூத்திருப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதன் இனத்தைச் சேர்ந்தனவே இந்நோய்களை உண்டாக்கும் நுண்ணுயிர்கள். இவை பாக்டீரியா என்னும் கிருமிகளின் வேறானவை. இவ்வேற்றுமையை மறவாதிருத்தல் வேண்டும். கிருமிகளைக் கொல்லும் பெனிசிலின் முதலியவற்றாற் பூஞ்சைக்கு யாதொரு தீங்கும் நேர்வதில்லை. அன்றியும், அவற்றை அளவின்றி உட்கொள்வோர் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்துபட, அவ்விடத்தைப் பூஞ்சை கைப்பற்றிக்கொள்வதும் உண்டு.

தோல் நோய்க்குப் பூஞ்சை காரணமாகலாம் என்பதை 1841-ஆம் ஆண்டில் பாரிசிலிருந்த டேவிட் குரூபி என்னும் வைத்தியர் தலையில் உண்டாகும் ஒருவகைப் புண்ணைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்து காட்டினார். உலகெங்கும் படர்தாமரையை விளைக்கும் பூஞ்சைகளுட் பெயர் பெற்ற டிரைக்கோபைட்டன் ரூப்ரம் என்பதை 1910-ல் வருணித்தவர், அக்காலத்துக் கொழும்பில் வாழ்ந்த காஸ்டெல்லானி என்னும் இத்தாலிய நிபுணர்.

நம் மதுரை மாநகரின் பெயரும் இச்சாத்திரத்தில் நிலைத்திருக்கின்றது. பாதம் வீங்கித் துளைகள் விழுந்து, சிறு மணிகள் கலந்த சீழ் வடியும் கொடிய வியாதியைப் பற்றி 1842-ல் மதுரை மருந்துச் சாலையிலிருந்த கில் என்பவர் அறிக்கை எழுதினார். பின்னர் அது "மதுரைக்கால்" என வழங்கலாயிற்று. பம்பாயிலிருந்த வான்டைக் கார்ட்டர் அது பூஞ்சையால் வருவதென ஆராய்ந்து, 1874-ல் ஒரு நூலே வெளியிட்டார். அவற்றுட் சில பூஞ்சையாலும் சில கிருமியாலும் வருவன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வெறுங்காலுடன் வயலிலும் முட்காட்டிலும் உழைக்கும் ஏழைகளுக்கே பெரும்பாலும் வரும் இந்நோயை, உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ல் தான் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையிற் சேர்த்தது.

மேற்பூச்சு போதாத இடங்கள்

"தோலின்மேல் வந்த நோய்க்குத் தோலின்மேற் பூசினாற் போதாதோ? உள்ளுக்கு மாத்திரை எதற்கு?" என்று கேட்பாருளர். சிறிய இடத்திற் புதிதாகத் தோன்றிய படர்தாமரைக்கு மேற்பூச்சே போதும். ஆனால் தலைமயிரின் வேருக்குள் நுழைந்த பூஞ்சையை எக்களிம்பும் எட்டிப் பிடிப்பதில்லை. நகத்தின் அடியிற் குடிகொண்டதும் அத்தகையதே. உடலிற் பல இடங்களிற் பரவியதும், திரும்பத் திரும்ப வருவதும், நுரையீரல் மூளை முதலிய உள்ளுறுப்புக்களைப் பற்றியதும் உள்மருந்தாலன்றித் தீரா.

அவ்வுள்மருந்து இல்லாத காலத்தில் மக்கள் பட்ட பாடு பெரிது. தலையிற் படர்தாமரை கண்ட குழந்தைகளுக்கு எக்ஸ் கதிரைப் பாய்ச்சி மயிரை உதிர்த்துச் சிகிச்சை செய்தனர். ஆண்டுகள் பல கழிந்தபின் அக்குழந்தைகளுட் சிலருக்குத் தைராய்டு சுரப்பியிலும் தலையிலும் கட்டிகள் உண்டாயின. ஒரு மாத்திரை கண்டுபிடிக்கப்பட்டதன் அருமை இதனால் விளங்கும்.

மருந்துகள் பிறந்த கதை

முதலில் வந்தது நிஸ்டாட்டின். நியூயார்க் மாகாணச் சுகாதார இலாகாவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்னும் இரு மாதரசிகள் வேலை பார்த்தனர். ஹேசன் அம்மையார் நியூயார்க் நகரில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்துச் சோதிப்பார். பூஞ்சையைக் கொல்லும் குணம் எதிலேனும் கண்டால் அதைத் தபாலில் ஆல்பனி நகருக்கு அனுப்புவார். அங்கே பிரௌன் அம்மையார் அதினின்றும் மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்துத் திருப்பியனுப்புவார். விர்ஜீனியாவில் நண்பரொருவரின் பண்ணையிலிருந்து கொணர்ந்த ஒரு பிடி மண்ணில் அவர்கள் தேடியது அகப்பட்டது. 1950-ல் அதனை அறிஞர் சபையில் வெளியிட்டனர். தங்கள் மாகாணத்தின் பெயரையே அம்மருந்துக்கு இட்டனர். அதனாற் கிடைத்த உரிமைப் பணம் 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு மேற்பட்டது. அதில் ஒரு காசையும் தமக்கென எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே இருவரும் கொடுத்துவிட்டனர். நம் சகோதரிகள் இவ்விருவர் பெயரையும் நினைவில் வைத்திருத்தல் நலம்.

நிஸ்டாட்டின் குடலிலிருந்து இரத்தத்திற் சேர்வதில்லை. வாயிலும் குடலிலும் உள்ள பூஞ்சையை மட்டும் அது அழிக்கும். தோலுக்கும் நகத்துக்கும் உள்ளிருந்து சென்று வேலை செய்யும் மருந்து கிரிசியோபுல்வின் ஆகும். இதை 1939-ல் லண்டனில் ஆக்ஸ்போர்டு, ரெய்ஸ்டிரிக், சிமொனார்ட் என்னும் மூவர் ஒரு பெனிசிலியப் பூஞ்சையிலிருந்து பிரித்தனர். அப்போது அதன் பயன் ஒருவருக்கும் புலப்படவில்லை. 1958-ல் கிளாஸ்கோவிலிருந்த ஜென்டில்ஸ் என்பவர் படர்தாமரை கண்ட கினிப் பன்றிகளுக்கு இதை வாய்வழி கொடுத்துக் குணப்படுத்தினார். அடுத்த ஆண்டே மனிதருக்கும் பயன்படலாயிற்று. பூஞ்சையிற் பிறந்த பொருளே பூஞ்சைக்கு மருந்தானது, முள்ளை முள்ளால் எடுத்தது போலும்.

பின்னர் இரசாயன முறையில் ஆக்கிய மருந்துகள் வந்தன. பெல்ஜியத்து ஜான்சென் ஆராய்ச்சிச் சாலையிலிருந்து வந்த கீட்டோகொனசோல் 1981-ல் அமெரிக்காவில் அநுமதி பெற்றது. அது ஈரலுக்குச் செய்யும் தீங்கு கருதி, 2013-ல் ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு ஸ்தாபனம் பூஞ்சை நோய்க்கு அதன் மாத்திரையை நிறுத்துமாறு கூறிற்று. அமெரிக்காவும் அதன் உபயோகத்தை மிகக் குறுக்கியது. அதே சாலையிற் பிறந்தது இட்ராகொனசோல். இங்கிலாந்தில் கெண்ட் மாகாணத்துச் சாண்ட்விச் என்னும் ஊரிலிருந்த பைசர் ஆராய்ச்சிச் சாலையில் கென் ரிச்சர்ட்சன் குழுவினர் ஆக்கியது புளூகொனசோல். வியன்னாவிலிருந்த சாண்டோஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆக்கியது டெர்பினபின். இன்று நம் ஊர் மருந்துக் கடைகளிற் பெரிதும் விற்கப்படுவன இவை மூன்றுமே.

மருந்து வேலை செய்யும் வகை

நம் உடலின் உயிரணுக்களைச் சூழ்ந்த மெல்லிய சவ்வில் கொலஸ்டிரால் என்னும் பொருள் இருக்கின்றது. பூஞ்சையின் சவ்விலோ அதற்குப் பதிலாக எர்கோஸ்டிரால் இருக்கின்றது. இவ்வொரு பேதமே வைத்திய சாத்திரத்துக்குக் கிடைத்த வாயில். டெர்பினபின் எர்கோஸ்டிரால் உண்டாகும் வழியில் முற்பகுதியிலேயே தடை செய்கின்றது. புளூகொனசோல், இட்ராகொனசோல் ஆகியன அதே வழியிற் சற்றுப் பின்னுள்ள ஒரு படியைத் தடுக்கின்றன. நிஸ்டாட்டின் எர்கோஸ்டிராலையே பற்றிச் சவ்வைத் துளைக்கின்றது. கிரிசியோபுல்வின் வேறு வகையானது; பூஞ்சையின் அணு இரண்டாகப் பிரிந்து பெருகுவதைத் தடுத்து, புதிதாக வளரும் தோலிலும் மயிரிலும் நகத்திலும் சென்று தங்கிக் காவல் புரிகின்றது. பழைய பகுதி வளர்ந்து கழிந்து, காவலுள்ள புதிய பகுதி அவ்விடத்தை அடையும் வரை மருந்தை விடலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

எந்நோய்க்கு எம்மருந்து

பரவிய படர்தாமரைக்கு டெர்பினபினோ இட்ராகொனசோலோ வைத்தியர் தருவர். கைந்நகச் சொத்தைக்கு டெர்பினபின் 250 மில்லிகிராம் நாள்தோறும் 6 வாரமும், கால்நகத்துக்கு 12 வாரமும் கொடுத்தல் வழக்கம். மாத்திரை முடிந்தவுடன் நகம் அழகாகிவிடும் என்று எண்ணற்க. கால்நகம் முற்றும் புதிதாக வளர ஓராண்டும் அதற்கு மேலும் செல்லும். குழந்தைகளின் தலைப் படர்தாமரைக்குக் கிரிசியோபுல்வினும் டெர்பினபினும் உரியன. தேமலுக்கோ டெர்பினபின் மாத்திரை சிறிதும் பயன்படாது. அதற்கு மேற்பூச்சே பெரும்பாலும் போதும். "அண்டை வீட்டாருக்குக் குணமான மாத்திரை எனக்கும் ஆகும்" என்று வாங்கி விழுங்குவோர் இதனை உணர்வாராக.

காண்டிடா என்னும் பூஞ்சையால் ஸ்திரீகளுக்கு வரும் அரிப்புடன் கூடிய வெள்ளைப்பாட்டுக்குப் புளூகொனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பல சமயங்களிற் போதுமானது. எனினும் எல்லா வெள்ளைப்பாடும் பூஞ்சையால் வருவதன்று. கர்ப்பிணிகள் இம்மாத்திரையைத் தாமே உட்கொள்ளுதல் கூடாது. அவர்களுக்கு வேறு முறை உண்டு. இந்நோய் அடிக்கடி திரும்புமாயின் நீரிழிவு உண்டோவென்று இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தல் அவசியம். மறைந்திருந்த நீரிழிவைப் பூஞ்சை காட்டிக்கொடுத்த சந்தர்ப்பங்கள் பல.

எய்ட்ஸ் நோயால் மெலிந்தவர்களின் மூளைச் சவ்வைக் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை தாக்கும். அங்கே புளூகொனசோல் உயிர்காக்கும் மருந்தாகின்றது. இந்தியாவில் 1970-ஆம் ஆண்டுப் பேடண்ட் சட்டம் மருந்துப் பொருளுக்குத் தனியுரிமை அளிக்காமையால், 2005 வரை நம் நாட்டார் இத்தகைய மருந்துகளைக் குறைந்த விலையிற் செய்து வந்தனர். தென்னாப்பிரிக்காவிலோ ஒரே கம்பெனியின் தனியுரிமையால் விலை ஏழைகளுக்கு எட்டாததாயிற்று. 2000-ஆம் ஆண்டில் சாக்கி அக்மத் என்பவர் தாய்லாந்திற் செய்த மலிவான புளூகொனசோலைத் தம் நாட்டுக்கு வெளிப்படையாகக் கொண்டுவந்து சட்டத்தை மறுத்து நின்றார். மாத்திரையின் விலை ஓர் உயிரின் விலையாகும் என்பதை உலகம் அன்று கண்டது.

2021-ல் கொரோனா நோயைத் தொடர்ந்து நம் தேசத்திற் கருப்புப் பூஞ்சை என்னும் வியாதி பரவி, ஜூன் மாத இறுதிக்குள் 40,000 பேருக்கு மேற் கண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கு அறுவைச் சிகிச்சையும் ஆம்போடெரிசின் ஊசியும் முதன்மையானவை. பொசகொனசோல் மாத்திரை அவற்றைத் தொடர்ந்து உதவுவது. புளூகொனசோல் அப்பூஞ்சையை ஒன்றுஞ் செய்யாது. பூஞ்சை இன்னதென்று அறியாமல் மருந்து கொடுத்தல் இருட்டில் எய்த அம்பே.

மாத்திரை செய்யும் விதம்

இனி, நான் கையாண்ட தொழிலைப் பற்றிச் சிறிது சொல்லுகின்றேன். நம் முன்னோர் குளிகை செய்யுங்கால் சரக்கைச் சுத்தி செய்து, கல்வத்திலிட்டுச் சாமக்கணக்காக அரைத்து, அளவறிந்து உருட்டி, நிழலில் உலர்த்தினர். இக்காலத்து யந்திரசாலையில் நடப்பதும் அம்முறையின் விரிவே. ஆனால் ஒவ்வொரு படியிலும் அளவும் சோதனையும் எழுத்தும் உண்டு.

முதலில் மூலமருந்து. கிரிசியோபுல்வினைப் பெரிய கொப்பரைகளிற் பூஞ்சையை வளர்த்துப் புளிக்கச் செய்து, வடித்துப் பிரித்துத் தூய்மையாக்குவர். புளூகொனசோலை இரசாயனப் பொருள்களிலிருந்தே படிப்படியாக ஆக்குவர். டைபுளூரோபென்சீன் என்னும் திரவத்தில் தொடங்கி, டிரையசோல் என்னும் வளையத்தை இருமுறை இணைத்து முடிப்பர். இவ்வாறு வந்த தூள், குறித்த தூய்மை உடையதுதானா என்று சோதனைச் சாலையார் எழுதிக் கொடுத்தாலன்றி அதன் பீப்பாயை யாரும் திறக்கலாகாது.

இரண்டாவது நிறுத்தலும் சலித்தலும் கலத்தலும். 150 மில்லிகிராம் மாத்திரை ஓரிலட்சம் செய்ய மருந்து 15 கிலோ வேண்டும். அதனோடு உருவம் தரும் பொருளாக லாக்டோஸ் அல்லது செல்லுலோஸ் தூளும், வயிற்றில் விரைந்து உடைவதற்கு மாவுச்சத்தும் சேர்ப்பர். ஒட்டும் பசையை ஊற்றிப் பிசைந்து, ரவை போன்ற குறுணையாக்கி, வெங்காற்றில் உலர்த்தி, மீண்டும் சலிப்பர். கடைசியாக மக்னீசியம் ஸ்டியரேட் என்னும் வழுவழுப்பான தூளை நூற்றுக்கு ஒரு பங்களவே சேர்த்துச் சில நிமிஷங்களே கலப்பர். இது யந்திரத்தில் மாத்திரை ஒட்டாமலிருப்பதற்கு. இதை மிகுதியாகக் கலந்தாலோ நெடுநேரம் கலந்தாலோ குறுணையின்மேல் மெழுகுபோற் படிந்து, மாத்திரை வயிற்றிற் கரையத் தாமதிக்கும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது; நோயாளிக்கு மட்டும் குணம் தெரியாது. இத்தொழிலிற் கவனம் என்பது இத்தகைய கண்ணுக்குத் தெரியாத இடங்களிலேயே இருக்கின்றது.

மூன்றாவது அழுத்துதல். சுழலும் வட்டில் வரிசையாக உள்ள அச்சுக் குழிகளிற் குறுணை நிரம்ப, மேலும் கீழும் உள்ள உருளிகள் அழுத்த, மாத்திரைகள் மழைபோல் உதிரும். பின்னர்ச் சோதனைகள். மாத்திரைகளை ஓர் உருளையிலிட்டு 100 முறை சுழற்றினால் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் உதிரலாகாது. மேற்பூச்சில்லாத மாத்திரை நீரில் 15 நிமிஷத்துள் உடைய வேண்டும். உடற்சூடாகிய 37 டிகிரியிலுள்ள திரவத்தில் குறித்த நேரத்தில் குறித்த அளவு மருந்து கரைந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினும் அத்தொகுதி முழுவதும் வெளியே போகலாகாது. அட்டையின் பின்புறத்துள்ள தொகுதி எண், செய்த மாதம், காலாவதி மாதம் ஆகிய மூன்றும் இவ்வளவு உழைப்பின் சாட்சியங்கள். வாங்குவோர் அவற்றைப் பார்த்து வாங்குக. பாதி அட்டையைக் கத்தரித்து அவ்வெழுத்துக்களில்லாத துண்டைக் கொடுத்தால் வாங்காதொழிக.

சில மருந்துகள் மேலும் நுட்பம் வேண்டுவன. கிரிசியோபுல்வின் நீரிற் கரைவது அரிது. ஆதலின் அதனை மிக நுண்ணிய தூளாக்குவர். துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு மிகுதியாக உடலிற் சேரும். இட்ராகொனசோல் அதனினும் கரையாதது. அதை ஒரு பசைப் பொருளோடு கரைத்து, கடுகு போன்ற சர்க்கரை மணிகளின்மேல் மெல்லிய படலமாகத் தெளித்து உலர்த்தி, அம்மணிகளைக் கூட்டிலடைப்பர். படலம் செம்மையாக அமையாவிடின், கூட்டில் எழுதிய அளவு மருந்து இருந்தும் இரத்தத்திற் சேர்வது குறையும். பொசகொனசோலை ஒரு பிசினோடு உருக்கி யந்திரத்தாற் பிழிந்தெடுத்து, பொடித்து மாத்திரையாக்குவர்; அது வயிற்றைக் கடந்து சிறுகுடலிற் கரையும்.

உட்கொள்ளும் முறையும் எச்சரிக்கையும்

சித்த வைத்தியத்தில் அநுபானம் என்பதொன்று உண்டு; தேனிலோ நெய்யிலோ பாலிலோ மருந்தைக் குழைத்துக் கொடுப்பர். இம்மாத்திரைகளுக்கும் அதுபோன்ற விதியுண்டு. கிரிசியோபுல்வினைக் கொழுப்புள்ள உணவோடும், இட்ராகொனசோல் கூட்டை வயிறார உண்டவுடனும் கொள்ளுதல் வேண்டும். இட்ராகொனசோல் கரைவதற்கு வயிற்றிற் புளிப்பு வேண்டும். ஆகையால் நெஞ்செரிச்சலுக்காக உண்ணும் மருந்துகள் அதனைக் கெடுக்கும். புளூகொனசோலுக்கும் டெர்பினபினுக்கும் உணவுக் கட்டுப்பாடு இல்லை.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்னும் பழமொழி விருந்துக்குப் பொருந்தும், இந்நோய்க்குப் பொருந்தாது. மூன்று நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்குவதில்லை. வைத்தியர் குறித்த வாரங்கள் முழுவதும் ஒரு வேளையும் தவறாது உண்ணல் வேண்டும். நம் முன்னோர் ஒரு மண்டலம் என்று கணக்கிட்டு மருந்துண்ட பொறுமையை இங்கே கைக்கொள்க.

இம்மருந்துகள் ஈரலைத் தாக்கக்கூடும். ஆதலின் நெடுநாள் உண்போர் வைத்தியர் சொல்லும்போது இரத்தப் பரிசோதனை செய்துகொள்வாராக. கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுத்தாலும், உணவில் வெறுப்புத் தோன்றினாலும் உடனே வைத்தியரிடம் செல்லுக. டெர்பினபின் சிலருக்கு நாவின் சுவையைச் சில காலம் கெடுக்கும். இருதயம் பலவீனப்பட்டவர்களுக்கு இட்ராகொனசோல் ஆகாது. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் உண்போரும், நீரிழிவுக்குச் சிலவகை மாத்திரை உண்போரும் புளூகொனசோலைச் சேர்த்துண்டால் இரத்தப் போக்கும் சர்க்கரைத் தாழ்வும் உண்டாகலாம். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினோடு இட்ராகொனசோல் சேரலாகாது. வீட்டிலுள்ள எல்லா மருந்துச் சீட்டுக்களையும் ஒரு பையிலிட்டு வைத்தியரிடம் எடுத்துச் செல்வதே உத்தமம்.

எதிர்த்து நிற்கும் பூஞ்சை

இனி நான் சொல்லப்போவதே இச்சொற்பொழிவின் உயிர்நிலை. முன்னாளில் எளிதில் தீர்ந்த படர்தாமரை, சில ஆண்டுகளாக நம் தேசத்தில் தீராத வியாதியாக மாறிவருகின்றது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் சென்றவர்களிடம் கண்ட ஒரு பூஞ்சைக்கு 2020-ல் ஜப்பானிய அறிஞர் டிரைக்கோபைட்டன் இந்தோடினியே என்று பெயரிட்டனர். இவ்வினத்தைச் சேர்ந்தவற்றுட் பல டெர்பினபினுக்கு அடங்குவதில்லை. அம்மருந்து பற்றவேண்டிய இடமே அவற்றில் திரிந்துவிட்டது. 2023-ல் அமெரிக்காவில் நியூயார்க் நகரிலும் இது கண்டதாக அந்நாட்டுச் சுகாதார நிலையத்தார் அறிவித்தனர். நம் தேசத்தின் பெயர் தாங்கி ஒரு நோய் உலகைச் சுற்றுவது நமக்குப் பெருமையாகுமோ?

இந்நிலைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுட் பெரியது, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் ஒன்றாய்க் கலந்த களிம்புகளைத் தாமே வாங்கிப் பூசுதல். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் ஒரே இரவில் அடக்கும். அதனால் மக்கள் மயங்குகின்றனர். ஆனால் அது தோலின் காவற்படையை உறங்கச் செய்கின்றது. பூஞ்சை அடியிற் பரவுகின்றது. தோல் மெலிந்து, தொடையிடுக்கில் கோடுகோடாக வெடிக்கின்றது. அக்கோடுகள் பின்னர் மறைவதில்லை. 2018-ல் மத்திய அரசாங்கத்தார் இத்தகைய ஸ்டீராய்டு மேற்பூச்சுக்கள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதி திருத்தினர். விதி ஏட்டில் இருக்கின்றது. களிம்பு மேசைமேல் இருக்கின்றது.

இங்கே கூடியிருப்போரில் மருந்துக் கடை வைத்துள்ள நம் சகோதரர்கள் சிலரும் இருக்கின்றனர். அவர்கள் என்மேற் கோபங் கொள்ளலாகாது. "நான் கொடாவிட்டால் எதிர்க்கடைக்காரன் கொடுப்பான்; வாடிக்கை போய்விடும்" என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. வைத்தியரைக் காண ஒருநாட் கூலியை இழக்க வேண்டிய ஏழை, கடைக்காரரையே வைத்தியராக நம்பி வருகின்றான் என்பதும் மெய்யே. ஆனால் அந்நம்பிக்கையே அவர்கள் பொறுப்பைப் பெரிதாக்குகின்றது. இன்று பத்து ரூபாய் இலாபத்துக்கு விற்ற களிம்பு, அவ்வேழையை ஆறு மாதத்துக்கு இட்ராகொனசோல் வாங்கும் கடனாளியாக்குகின்றது. அவனுடைய மனைவி மக்களும் அந்நோயைப் பெறுகின்றனர். அவர்களுட் பலர் நம் குலத்தவர். பலர் நம் குலத்தாரை நம்பி வாங்கும் அயலார். இருவருக்கும் தீங்கு ஒன்றே. இலாபத்தைச் சிறிது விட்டு நம்பிக்கையைக் காப்பது நல்ல வியாபாரமுமாகும்.

நாம் செய்யத்தக்கன

சங்கத்தாரின் ஆலோசனைக்குச் சிலவற்றைப் பணிவுடன் வைக்கின்றேன்.

முதலாவது, மாணவர் விடுதிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் துண்டும் தனிப் போர்வையும் சீப்பும் இருத்தல் வேண்டும். ஈரத் துணிகளை அறைக்குள் மடித்து வையாமல் வெயிலில் உலர்த்த இடம் அமைத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒருவருக்கு நோய் கண்டால் வீட்டிலுள்ள எல்லோரையும் வைத்தியர் பார்த்து, நோயுள்ள யாவரும் ஒரே காலத்திற் சிகிச்சை பெறல் வேண்டும். இன்றேல் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்காக நோய் வட்டமிடும்.

மூன்றாவது, நம் கடைக்காரச் சகோதரர்கள் ஸ்டீராய்டுக் களிம்பையும் பூஞ்சை மாத்திரையையும் சீட்டின்றி விற்பதில்லை என்று தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்ளல் வேண்டும். ஒருவர் மட்டும் நிறுத்தினால் நஷ்டம். எல்லோரும் நிறுத்தினால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. சங்கம் என்று ஒன்று இருப்பதன் பயன் இத்தகைய காரியங்களுக்கன்றோ?

நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் தோல் வைத்தியர் ஒருவரையும் பெண் வைத்தியர் ஒருவரையும் அழைத்து இலவசப் பரிசோதனை நடத்துதல் வேண்டும். ஸ்திரீகளுக்குத் தனி அறையும் தனி நேரமும் ஒதுக்குதல் வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. படர்தாமரை பாவத்தின் பயனுமன்று, பரம்பரைக் குஷ்டமுமன்று. மணப்பெண்ணின் கையில் ஒரு வட்டம் இருந்ததென்று சம்பந்தத்தை முறிப்போரும், அதற்கு அஞ்சி மகளின் நோயைக் களிம்பால் மூடி வைக்கும் தாய்மாரும் நம்மிடையே உண்டு. சில வாரங்கள் முறையாக மருந்துண்டால் தீரும் நோய்க்கு ஒரு பெண்ணின் வாழ்நாள் மகிழ்ச்சியைப் பலியிடுவது அறிவுடைமையாகாது. நோயைச் சொல்லுவதற்கு அஞ்சாத வீட்டில் நோய் நெடுநாள் தங்குவதில்லை.